சுடுமல்லிக்குக் கூன்வண்டு: இரண்டு பருவம் பயன்படுத்திப் பார்த்த ஒரு சேவை

திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் இடையே, கடற்காற்று தடையில்லாமல் வீசும் மணல்சாரியில் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் புழுதி விதைப்பாக இருங்குச் சோளம் போடுவதும், மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் ஓரத்துத் துண்டில் முண்டு மிளகாய் நடுவதும் எங்கள் வழக்கம். ஆறேழு ஆண்டுகளாக அந்தச் சோளத்தில் சுடுமல்லி ஏறிக்கொண்டே வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சாணுக்குள் நிற்கும் சிறிய செடி, வெள்ளைப் பூ, பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் அதன் வேர் சோளத்தின் வேருக்குள் நுழைந்து நீரையும் சத்தையும் உறிஞ்சுவதால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வறட்சியில் நிற்பதுபோல் இலை சுருண்டு, வெளிறி, கதிர் விடாமலேயே நின்றுவிடும். கிழக்குத் துண்டில் மனிதர் உண்ணும் தானியம் என்று ஒன்றுமே வராமல், தட்டையை மட்டும் அறுத்து மாட்டுக்குப் போட்ட ஆண்டுகள் இரண்டு உண்டு.

அந்த நிலையில்தான் ஒரு தனியார் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தின் துண்டறிக்கை உரக்கடையில் என் கைக்கு வந்தது. களையைப் பூச்சியே அழிக்கும், சுடுமல்லிக்கு நிரந்தரத் தீர்வு என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு பருவத்துக்கான ஒப்பந்தம், ஏக்கருக்கு 1,200 ரூபாய். பருவத்துக்கு இரண்டு முறை ஆள் வந்து வயலைப் பார்ப்பது, களை பிடுங்குகிறவர்களுக்கு அரை நாள் பயிற்சி, ஒரு கைலென்ஸ், இரண்டு கம்பிவலைக் கூண்டுகள் ஆகியவை அந்தப் பணத்துக்குள் அடங்கும். நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. குறையும் நிறையும் கலந்த அனுபவம் இது. இப்படி ஒரு சேவையை யாரிடம் எடுத்தாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதல் வருகை கார்த்திகை நடுவில் நடந்தது. வந்தவர் வேளாண்மை படித்த இளைஞர். பெட்டி பெட்டியாக வண்டுகளை இறக்குவார் என்று எதிர்பார்த்து நான் நிழலில் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் வெறுங்கையோடு வந்தார். பூச்சி எங்கே தம்பி என்று கேட்டதற்கு, "ஐயா, சுடுமல்லிக்கு விற்கிற பூச்சி எங்களிடம் கிடையாது. உங்கள் வயலிலேயே இருக்கிறதா என்று முதலில் தேடுவோம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. துண்டறிக்கையில் இருந்ததற்கும் வயலில் அவர் சொன்னதற்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. அந்த வாசகத்தை நம்பிப் பணம் கட்டியவன் என்ற முறையில் இதை முதல் குறையாகவே பதிவு செய்கிறேன். ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அவர் காட்டியதையும் விளக்கியதையும் பார்த்த பிறகு, விற்பனைக்கு எழுதிய ஆளும் வயலுக்கு வந்த ஆளும் வேறு வேறு என்பது தெளிவாயிற்று.

அவர் பூ உதிர்ந்த சுடுமல்லிச் செடிகளில் காய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பெரும்பாலானவை நெல்மணி அளவில் ஒல்லியாக இருந்தன. சிலவோ பயறு போல உருண்டு பருத்திருந்தன. பருத்த ஒன்றை நகத்தால் பிளந்து லென்ஸின் கீழ் வைத்தார்: உள்ளே காலில்லாத, வெண்மையான, வளைந்து படுத்த ஒரு புழு. ஸ்மைக்ரானிக்ஸ் என்னும் கூன்வண்டு இனத்தின் புழு என்றார். தென்னை வைத்திருக்கிறவர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டு தெரியும். இது அதே பெருங்குடும்பத்தில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பொடி வண்டு. தாய் வண்டு பூவின் சூலகத்துக்குள் முட்டை வைக்கும். காய் விதை கட்டுவதற்குப் பதிலாக வீங்கி முடிச்சாகும். உள்ளிருக்கும் புழு விதையாக வேண்டியதைத் தின்று வளர்ந்து, பிறகு காயைத் துளைத்து வெளியேறி, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த மழையில் மீண்டும் வண்டாக எழும். எங்கள் நிலத்தில் பத்துச் செடியைப் பார்த்தால் மூன்று நான்கில் இப்படிப்பட்ட முடிச்சுக் காய் இருந்தது. அதாவது நான் காசு கொடுத்து வாங்க நினைத்த வேலையாள் ஏற்கெனவே என் வயலில் கூலியில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. நான்தான் ஆண்டுதோறும் களையைப் பிடுங்கிக் குவித்து எரித்து அதையும் சேர்த்து எரித்து வந்திருக்கிறேன்.

இந்த வண்டின் தாயகங்களில் நம் நாடும் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். 1970களில் இங்கிருந்து இந்தக் கூன்வண்டையும், சுடுமல்லியைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியையும் எத்தியோப்பியாவுக்குக் கொண்டு சென்று சோள வயல்களில் விட்டிருக்கிறார்கள். அவை அங்கே நிலைபெற்றதாக உறுதிப்படவில்லை. நீல வசீகரன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் முள்முள்ளான கரும்புழுவும் சுடுமல்லி இலையைத் தின்னும் என்று சொல்லி, வரப்பில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டினார். பின்சிறகின் அந்த நீலத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அதற்கும் என் சோளத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று நினைத்ததில்லை.

இனி இந்தச் சேவையின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். பூச்சியைக் கொண்டு களையை வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு நம் பகுதியில் அழுத்தமான காரணம் உண்டு. இந்தக் கடலோரம் முழுவதும் சப்பாத்திக்கள்ளி அடைத்துக் கிடந்த காலத்தைப் பற்றி என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1795இல், சிவப்புச் சாயம் எடுக்கும் உயர்ந்த ரகம் என்று தவறாக எண்ணிப் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு செதில்பூச்சி, சாயத்துக்கு உதவாமல், ஒரு வகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. களைக்கு எதிராகப் பூச்சி வேலை செய்ததற்கு உலகிலேயே மிகப் பழைய எடுத்துக்காட்டாக இதைத்தான் சொல்கிறார்கள். அது தொடாமல் விட்ட மற்றொரு கள்ளிக்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு செதில்பூச்சி வந்தது. காடாகக் கிடந்த கள்ளி கரைந்தது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சுடுமல்லியும் அதேபோல் கரையும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இளைஞர் மண்வெட்டியால் ஒரு சோளத் தூரைப் பெயர்த்தே காட்டினார். மேலே சுடுமல்லி ஒன்றுகூட இல்லாத தூர் அது. வேரைக் கழுவிப் பார்த்தபோது, வெள்ளை முளைகள் ஏழெட்டு அதில் ஒட்டியிருந்தன. கள்ளி தன் உடம்பு முழுவதையும் வெயிலில் காட்டிக்கொண்டு நிற்பது; பூச்சி ஏறித் தின்னலாம். ஒட்டுண்ணிக் களையோ, முளைத்துப் பற்றிய பிறகு ஒரு மாதத்துக்கு மேல் மண்ணுக்குள்ளேயே பயிரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது தலைகாட்டும் நாளில் பயிருக்கு வர வேண்டிய சேதத்தில் பெரும்பகுதி வந்து முடிந்திருக்கும். பூவில் முட்டையிடும் வண்டால் இந்த ஆண்டு ஒரு மணி தானியம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அது காப்பாற்றுவது, இனி வரும் ஆண்டுகளில் நிலத்தில் விழவிருக்கும் விதையிலிருந்து மட்டுமே.

அந்த விதையின் கணக்கு அச்சுறுத்துவது. ஒரு விதையின் நீளம் 0.3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். கையில் எடுத்தால் பழுப்புத் தூசி. ஒரே செடி பல்லாயிரம் விதை போடும். பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். தாய்ப்பயிரின் வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருளை உணர்ந்த பிறகுதான் முளைக்கும். அதுவரை எத்தனை ஆண்டானாலும் காத்திருக்கும். ஆப்பிரிக்காவின் ஊதாப்பூச் சுடுமல்லியை வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், கூன்வண்டு ஆண்டுதோறும் உண்டாகும் விதையில் 95 சதவீதத்தை அழித்தால்தான் முளைத்து வரும் செடியின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்று கண்டார்கள். பத்துச் செடியில் மூன்று நான்கைத் தாக்கும் வண்டை வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்கிறேன் என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிட்டது. இதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் முதல் நாளே சொன்னதற்காகவே, துண்டறிக்கைக் கோபம் எனக்குப் பாதி தணிந்தது.

பிறகு பயிற்சி. களை எடுக்க வரும் பெண்கள் ஆறு பேருக்கு வரப்பிலேயே சொல்லிக்கொடுத்தார். இது சேவையின் சிறந்த பகுதி என்று தயங்காமல் சொல்வேன். சுடுமல்லியைப் பூக்கும் தருணத்தில், காய் முற்றிப் பழுப்பாகும் முன்பே பிடுங்க வேண்டும். பிடுங்கியதை வரப்பில் போடக் கூடாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக் கூடாது, ஏனெனில் விதை வயிற்றைக் கடந்து சாணத்தோடு வேறு நிலத்துக்குப் போகும். முடிச்சுக் காய் உள்ள செடிகளை மட்டும் தனியே பிரித்து, மண் நிரப்பிய தொட்டியின் மேல், வலைக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். விதை தொட்டிக்குள் விழும். அங்கே சோளம் இல்லாததால் அது கிடந்தபடியே கிடக்கும். புழு மட்டும் இறங்கி மண்ணுக்குள் தூங்கும். அடுத்த மழைக்கு வண்டுகள் எழும்போது கூண்டைத் திறந்துவிட வேண்டும். தொட்டி மண்ணை ஒருபோதும் வயலில் கொட்டக் கூடாது. மற்ற செடிகள் எல்லாம் எரிப்பதற்கு.

எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஒரு ஆத்தா லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் புழுவை நாங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம், காய்ப்புழு என்று நசுக்கிப்போடுவோம்" என்றார். அன்று மாலைக்குள் அவர் லென்ஸ் இல்லாமலேயே விரலால் தொட்டு முடிச்சுக் காயைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் வேகத்துக்கு அந்த இளைஞராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. கூலி ஆறு பேருக்கு அரை நாள் கூடுதலாக ஆயிற்று. இந்தச் செலவு ஒப்பந்தத் தொகையில் சேராதது. எடுக்க நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

கொடுத்த கூண்டுகளைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மெல்லிய இரும்புக் கம்பிவலை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிலத்துக்கு இரும்புவலை கொடுப்பது, இந்தக் கரையை அறியாதவர் செய்யும் காரியம். மாசிக்குள் துரு பிடித்து, ஆனிக்காற்றில் ஒரு பக்கம் பொடியாக உதிர்ந்துபோயிற்று. இரண்டாவது கூண்டைக் காப்பாற்ற, கீழக்கரைக் கடைத்தெருவில் நைலான் கொசுவலை வாங்கி, மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். அதற்கு ஆன செலவு மிகக் குறைவு. அது இன்றும் அப்படியே இருக்கிறது. நிலையத்துக்கு இதைத் தெரிவித்தபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மாற்றுக் கூண்டு வரவில்லை.

இரண்டாவது ஆண்டு ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு, தொட்டி மண்ணின் மேல் சாம்பல் கலந்த கருநிறப் பொடி வண்டுகள் ஊர்ந்ததைப் பார்த்தேன். கூண்டைத் திறந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணிப் பார்க்கவில்லை, ஒரு கைப்பிடிக்கும் குறைவாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பருவத்தில் முடிச்சுக் காய் உள்ள செடிகள் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகக் கண்ணில் பட்டன. இதற்கு நாங்கள் பிரித்து வைத்தது காரணமா, இரண்டாம் ஆண்டில் எங்கள் கண் பழகியது காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவை இல்லை. முளைத்து வந்த சுடுமல்லியின் எண்ணிக்கை, வண்டை மட்டும் நம்பி விட்ட நடுத்துண்டில், குறைந்ததாகத் தெரியவில்லை. இதைத் தோல்வி என்று எழுத மாட்டேன். மண்ணில் பத்தாண்டு விதை கிடக்கும்போது ஓர் ஆண்டில் குறையாது என்பதை அவர்களே சொல்லியிருந்தார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது, அதே இளைஞர் பூச்சியோடு சேர்த்துச் சொன்ன மற்ற இரண்டு யோசனைகளால். ஒன்று, கிழக்குத் துண்டில் சோளத்தை நிறுத்திப் பருத்தி போடச் சொன்னார். சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும் அந்த வேதிப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரின் கசிவிலிருந்துதான், 1966இல். பருத்தி வேர் அழைக்கும். விதை நம்பி முளைக்கும். ஆனால் பருத்தியைப் பற்றி உறிஞ்ச அதனால் முடியாது. சில நாளில் செத்துப்போகும். இந்த மாவட்டத்தில் பருத்தி புதிதன்று. சோளத்தை அடுத்துப் பருத்தி என்று மாற்றி மாற்றிப் போட்ட முன்னோர் வழக்கத்தை, சோளத்தட்டைக்கு விலை ஏறியதென்று நாங்கள்தான் கைவிட்டோம். இரண்டு, வைகாசியில் நிலத்தில் ஆட்டுக்கிடை போடச் சொன்னார், அதாவது இரவில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்து எருச் சேர்க்கும்படி. தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லாத மண்ணில் பயிர் அந்த வேதிப்பொருளை அதிகமாகக் கசியவிடும். வளமான மண்ணில் கசிவு குறையும், சுடுமல்லியும் குறையும். மணல்சாரி நிலங்களில் இந்தக் களை மிகுவதன் காரணமும் இதுவே. கிடைக்காரரிடம் ஆடுகள் அதற்கு முன் எங்கே மேய்ந்தன என்று கேட்டுக்கொள்ளும்படியும் எச்சரித்தார். விதை சாணத்தில் வரும் என்ற அதே காரணத்துக்காக. கிடை போட்ட மேற்குத் துண்டில் இரண்டாம் ஆண்டு சோளம் இடுப்புக்கு மேல் எழுந்து கதிர் விட்டது. சுடுமல்லி அங்கேயும் இருந்தது. ஆனால் பயிர் அதைத் தாங்கிக்கொண்டு நின்றது.

மிளகாய்த் துண்டில் பிடித்திருந்த அம்மையார் கூந்தலுக்கும், தோட்டத்து மாமரத்தில் ஏறிய புல்லுருவிக்கும் பூச்சி உண்டா என்று கேட்டேன். இரண்டுக்கும் நம்பிப் பரிந்துரைக்கும்படி பூச்சி இல்லை என்றார். மஞ்சள் நூல்போலப் படரும் அம்மையார் கூந்தலை அது பற்றிய மிளகாய்ச் செடியோடு சேர்த்துப் பிடுங்கி எரிப்பதும், புல்லுருவிக் கிளையை ஒட்டிய இடத்துக்குக் கீழே வெட்டுவதும்தான் வழி. புகையிலையிலும் கத்தரியிலும் வரும் புகையிலைக் காளான் என்னும் வேர் ஒட்டுண்ணிக் களைக்கு, பழைய சோவியத் நாட்டில் அதன் விதைக்காயைக் குடையும் ஒரு சிறிய ஈயைக் களைச் செடியோடு சேகரித்துக் குளிர்காலம் கடத்தி வயலில் விட்ட முறையைப் பற்றியும் சொன்னார். எங்கள் கூண்டு முறைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை எனக்கு வியப்பாக இருந்தது. அந்த ஈயை இங்கே வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டதற்கு, வெளிநாட்டுப் பூச்சியைத் தனியார் நினைத்தபடி கொண்டுவர முடியாது, பயிரைத் தொடாது என்று சோதித்து உறுதிசெய்த பிறகே அரசு அனுமதிக்கும் என்றார். பார்த்தீனியத்துக்காக 1983இல் மெக்சிகோவிலிருந்து வந்த வண்டு, பின்னர் சூரியகாந்தியிலும் காணப்பட்டதென்று எழுந்த சர்ச்சையை அவர் நினைவூட்டினார். முடியாததை முடியாது என்று சொல்லும் ஆளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில் உண்டு. இரண்டாம் ஆண்டின் இறுதி வருகை மார்கழி முதல் வாரத்தில் வர வேண்டியது, தைப்பொங்கலும் கழிந்துதான் வந்தது. அதற்குள் காய்கள் முற்றி வெடித்துவிட்டன. நடுத்துண்டில் நாங்கள் சந்தேகத்துக்கு வைத்திருந்த செடிகளைப் பிரிப்பதா எரிப்பதா என்று கேட்க ஆளில்லாமல் பாதியை இழந்தோம். இந்த வேலையில் பதினைந்து நாள் தாமதம்கூடப் பல்லாயிரம் விதை. தொலைபேசியில் கேட்டபோது, மழையால் வேறு ஊர்களில் வேலை தங்கிவிட்டதாகச் சொன்னார்கள். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மானாவாரியில் மழைக்காலம்தான் பருவம். மழைக்காலத்தில் வர முடியாத சேவையை மானாவாரிக்காரனுக்கு விற்கக் கூடாது.

இதை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், சொந்தமாகச் சோளம் விதைத்து, தொடர்ந்து நான்கைந்து ஆண்டு அதே நிலத்தைக் கவனிக்கக்கூடியவர்களுக்கு. குத்தகைக்கு ஓராண்டு எடுத்து விதைப்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு ஆட்டுக்கிடையே போதும். அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் என் வரப்புக்கு அப்பால் பிடுங்காமல் விட்ட செடியின் விதை, இந்தக் காற்றில் என் நிலத்துக்குத்தான் வரும். பக்கத்துக்காரர் இருவரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் சம்மதித்திருக்கிறார்.

மூன்றாம் பருவத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறேன். கையெழுத்திடும் முன் இரண்டு வரிகளைப் பேனாவால் சேர்த்து எழுதச் செய்தேன்: இரண்டாம் வருகை மார்கழி 10ஆம் தேதிக்குள் நடக்க வேண்டும், தவறினால் அந்த வருகைக்கான தொகை கழிக்கப்படும், கூண்டு நைலான் வலையில் இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். துண்டறிக்கையில் உள்ள "நிரந்தரத் தீர்வு" என்ற சொல்லை எடுத்துவிடும்படியும் கேட்டிருக்கிறேன். அடுத்த அச்சில் மாற்றுவதாகச் சொன்னார்கள். தொட்டி இரண்டும் இப்போது வேப்பமரத்து நிழலில், மூங்கில் கூண்டுக்குள், மழைக்குக் காத்திருக்கின்றன.